தேர்வில்லா வாசிப்பு: திண்ணைப் பள்ளி முதல் ‘எண்ணும் எழுத்தும்’ வரை

முன்னுரை

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரச் செண்பகத்தோப்பில் பளியர் பழங்குடியினரின் குடியிருப்பு உள்ளது. தேனுக்கும் கிழங்குக்கும் குடும்பம் மலையேறினால் பிள்ளையின் படிப்பு சில நாள் நின்றுபோகும். ஒரே நாளில் ஒரே பாடம், ஒரே தேர்வு என்னும் வகுப்பறையில் இத்தகைய பிள்ளை தொடக்கத்திலேயே பின்தங்கிவிடும். தொடக்க வாசிப்பைத் தேர்வின் பிடியிலிருந்து விடுவிக்கத் தமிழகத்தில் நடந்த முயற்சிகளை இக்கட்டுரை ஆராய்கிறது. தேர்வை நீக்கினால் மட்டும் போதாது, பிள்ளை எங்கே நிற்கிறது என்பதை ஆசிரியர் அறிய வேறு வழியும் வேண்டும் என்பது இதன் வாதம்.

திண்ணையும் மானியமும்

சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்ட கணக்கெடுப்பில், சென்னை மாகாணத்தில் பள்ளிகளும் கல்லூரிகளுமாக 12,498 பதிவாயின. இவற்றில் பலவும் வீட்டுத் திண்ணையில் நடந்த திண்ணைப் பள்ளிகள். அங்கே ஆண்டுத்தேர்வு இல்லை. மணலில் விரலால் எழுதிப் பழகிய பிள்ளை, கை திருந்தியபின் ஓலைக்குப் போனது. சட்டாம்பிள்ளை என்னும் மூத்த மாணவன் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். அவரவர் வேகத்தில் படிக்க இடமிருந்தது. ஆனால் பாடம் பிசகினால் பிரம்பும், கயிற்றில் தொங்கவிடும் கோதண்டத் தண்டனையும் இருந்தன. சாதியால் விலக்கப்பட்டோருக்குத் திண்ணையே எட்டவில்லை.

சென்னை எழும்பூர் அநாதை இல்லத்தில் 1789 முதல் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல், மணலெழுத்தையும் சட்டாம்பிள்ளை முறையையும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து இங்கே வந்தது தேர்ச்சிக்கேற்ற மானியம். 1862இல் இங்கிலாந்தில் விதியான இம்முறை, அந்தப் பத்தாண்டிலேயே சென்னை மாகாணத்திலும் நுழைந்தது. ஆய்வாளர் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். தேறியவர் தொகைக்கேற்ப மானியம் கிடைக்கும். இந்நிலையில், வாசகத்தை உருப்போட வைப்பதே ஆசிரியருக்குப் பாதுகாப்பாயிற்று. வைஸ்ராய் கர்சன் காலத்தில் 1904ஆம் ஆண்டுக் கல்வித் தீர்மானம் இம்முறையைக் கைவிட்டது. ஆனாலும் தேர்ச்சி, தோல்வி என்ற பழக்கம் நிலைத்துவிட்டது.

மாண்டிசோரியும் ஏணியும்

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கினார். அவர் முறையில் பிள்ளை உப்புத்தாள் எழுத்தை விரலால் தடவி அறிகிறது. பல கருவிகளில் பிழையைப் பிள்ளையே கண்டுகொள்ளும். ஆனால் இம்முறை பெரும்பாலும் கட்டணப் பள்ளிகளோடு நின்றது.

அரசுப் பள்ளியில் திருப்பம் 2003இல் நேர்ந்தது. மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியின் கிராமக் கல்வி மையம் உருவாக்கிய அட்டை முறையைத் தழுவி, மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார் சென்னையின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். 2007–08இல் அது 37,000க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் பரவியது.

அதன் நடைமுறை இவ்வாறு இருந்தது: சுவரில் கற்றல் ஏணி. பிள்ளை தன் படியின் சின்னத்தைப் பார்த்து, அதே சின்னமுள்ள அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு உரிய குழுவில் பாயில் அமரும். அறிமுகம், பயிற்சி முடிந்ததும் மதிப்பீட்டு அட்டை வரும். தடுமாறினால் குறைதீர் அட்டை. மதிப்பெண்ணும் இல்லை, தரவரிசையும் இல்லை. பத்து நாள் வராத பிள்ளையும் விட்ட படியிலிருந்தே தொடரலாம். செண்பகத்தோப்பு போன்ற குடியிருப்புகளுக்கு இதன் பொருத்தம் வெளிப்படை. சோதனை ஒழியவில்லை, பாடத்துக்குள் கரைந்தது.

திரும்பிவந்த தேர்வு

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்புவரை பிள்ளைகளை நிறுத்திவைப்பதைத் தடுத்தது. 2012–13இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. நாடாளுமன்றம் சட்டத்தைத் தளர்த்திய 2019இல், தமிழக அரசு ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வை அறிவித்தது. எதிர்ப்பு வலுத்ததால், 2020 பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்றது. கொரோனாக் கால இழப்பை ஈடுசெய்ய 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துக் கற்பித்தது. மதிப்பீடுகளைச் செயலியில் பதிவேற்றும் சுமை கற்பிக்கும் நேரத்தைத் தின்கிறது என ஆசிரியர்கள் குறைப்பட்டனர்.

முடிவுரை

இவ்வரலாற்றில் பிள்ளையின் வாசிப்பைக் கவனிக்காத காலம் இல்லை. அந்தக் கவனிப்பு யாருக்குப் பயன்பட்டது என்பதே மாறிவந்தது. மானிய ஆய்வாளரின் பதிவு கருவூலத்துக்குப் போனது. ஏணியின் பதிவு அடுத்த அட்டையைத் தீர்மானித்தது. வகுப்பறைப் பதிவு மேலதிகாரிக்கான புள்ளிவிவரமாகும்போது, வினாத்தாள் இல்லாமலே தேர்வு திரும்பிவிடுகிறது. எனவே தேர்வு ரத்து ஆணையைவிட, திரட்டும் தகவல் மறுநாள் பாடத்துக்கு உதவுகிறதா என்ற கேள்வியே கொள்கை வகுப்போருக்குச் சரியான உரைகல்.