வார்டுக்கு வேட்பாளர் உண்டு, ஊருக்கு? தமிழகப் பேரூராட்சித் தேர்தலில் முன்னுரிமைகள் உருவாகும் விதம்

தமிழ்நாட்டில் 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 12,838 வார்டுகளுக்கானது. அவற்றில் 7,621 பேரூராட்சி வார்டுகள். மொத்தத்தில் பாதிக்கும் மேல். ஆனால் அப்போது வந்த அலசல்களில் பெரும்பகுதி 21 மாநகராட்சிகளின் மேயர் பதவிகளைச் சுற்றியே இருந்தது. கிராமமும் அல்லாத, நகரமும் ஆகிவிடாத 490 பேரூராட்சிகளில் நின்றவர்கள் எதை முதல் வேலையாக முன்வைத்தார்கள், ஏன் அதை வைத்தார்கள் என்பது அதிகம் பேசப்படவில்லை. இக்கட்டுரை அதை எடுத்துக்கொள்கிறது. பேரூராட்சி வேட்பாளர் தருவது வார்டின் பட்டியல். ஊர் முழுவதற்கும் பொதுவான சிக்கல்களை முன்வைத்து வாக்குக் கேட்க அந்தத் தேர்தலில் ஆளே இல்லை. இதை வேட்பாளரின் அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. தேர்தல் முறையும் நிதி வரும் வழியும் அவரை அப்படித்தான் பேச வைக்கின்றன என்பது என் வாதம்.

முதலில் பிட் நோட்டீசைப் பார்ப்போம். மேல்விளிம்பில் கட்சித் தலைவர்களின் படங்கள், நடுவில் கைகூப்பிய வேட்பாளர், அருகில் சின்னம். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டானால் கணவரின் படமும் பல நேரம் இடம்பிடிக்கும். 2016இல் சட்டம் தந்த 50 விழுக்காடு இடஒதுக்கீட்டை அச்சகத்திலேயே பங்குபோடும் வழக்கம் இது. அதன் கீழே பட்டியல்: குடிநீர் முறையாக வரும், தெருவிளக்கு எரியும், மண் தெருவுக்கு சிமெண்ட் சாலையோ பேவர் பிளாக்கோ போடப்படும், வாறுகால் தூர்வாரப்படும், தண்ணீர் வராத சந்தில் சின்டெக்ஸ் தொட்டி வைக்கப்படும். கடைசியில் முதியோர் உதவித்தொகை, பட்டா, ரேஷன் கார்டு ஆகியவற்றை ‘பெற்றுத் தருவேன்’ என்று ஒரு வரி.

இந்தக் கடைசி வரியைப் படித்த ஆய்வாளர்கள் சிரிப்பதுண்டு. பட்டாவும் உதவித்தொகையும் வருவாய்த் துறையின் வேலை, ரேஷன் கார்டு உணவு வழங்கல் துறையின் வேலை. பேரூராட்சி மன்றத்துக்கு இவற்றில் எந்த அதிகாரமும் இல்லை. வாக்காளருக்கும் இது தெரியும். தாலுகா அலுவலகத்துக்குக் கூட வந்து, மனுவை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று காட்டி, இரண்டாவது முறை அலையவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஆள் வேண்டும் என்றுதான் அவர் கவுன்சிலரைத் தேடுகிறார். நோட்டீசில் உள்ள வரிகளிலேயே உறுதியாக நிறைவேறக்கூடியதும் இதுதான். இதற்கு மன்றத்தின் தீர்மானம் வேண்டாம், நிதி வேண்டாம், தலைவரின் தயவும் வேண்டாம்.

சிக்கல் மேலே உள்ள வரிகளில் இருக்கிறது. குடிநீரை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான பேரூராட்சிகளுக்குத் தண்ணீர் தொலைவில் உள்ள ஆற்றிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டம் வழியாக வருகிறது. அதைக் கட்டுவது 1971இல் அமைந்த தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம். ஊர் எல்லைக்கு எவ்வளவு தண்ணீர் வந்து சேரும் என்பதில் கவுன்சிலருக்குச் சொல்லே இல்லை. வந்த தண்ணீர் மேல்நிலைத் தொட்டியில் ஏறிய பிறகுதான் உள்ளூர் அதிகாரம் தொடங்குகிறது: எந்த வால்வை எத்தனை மணிக்குத் திறப்பது, எவ்வளவு நேரம் விடுவது, குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுபவரை என்ன செய்வது, புதிய இணைப்புக்கு முன்வைப்புத் தொகை எவ்வளவு. ஒரே தொட்டி இரண்டு மூன்று வார்டுகளுக்கு ஊட்டும்போது, மேட்டுத் தெருவுக்குக் கூடுதலாக அரைமணி நேரம் திறந்துவிட்டால் கடைமடைத் தெருவில் குடம் நிறையாது. எனவே ‘என் வார்டுக்கு நாள்தோறும் தண்ணீர்’ என்ற வாக்குறுதி, வந்து சேரும் அளவு கூடாதவரை, பக்கத்து வார்டின் தண்ணீரிலிருந்துதான் நிறைவேறும். டேங்க் ஆபரேட்டரைத் தன் பக்கம் வைத்திருக்கும் கவுன்சிலர் வெல்வார். ஊர் முழுவதற்குமான முறைநேரப் பட்டியலைத் தருவேன் என்று எந்த நோட்டீசும் சொல்வதில்லை, ஏனென்றால் அதைச் சொல்பவர் தன் வார்டில் சிலருக்குக் குறைத்தாக வேண்டும்.

வாறுகாலும் அப்படித்தான். ஒவ்வொரு வார்டும் தன் சாக்கடையைச் சீராக ஓடவைக்கிறது. எல்லாம் சேர்ந்து ஊர்க் கடைசியில் உள்ள குளத்திலோ கண்மாயிலோ போய் விழுகிறது. அந்தக் கண்மாய் எவருடைய வார்டுப் பட்டியலிலும் கிடையாது. குப்பையை நாள்தோறும் எடுப்போம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மட்கும் குப்பை, மட்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று வீட்டிலேயே பிரிக்கும்படி கூறின, பயன்பாட்டுக் கட்டணம் வாங்கவும் இடம் தந்தன. இரண்டையும் எவரும் எழுதுவதில்லை. உரக்கிடங்கு எங்கே இருக்கும் என்பதையும் எழுத முடியாது, ஏனென்றால் அது யாரோ ஒருவரின் வீட்டருகேதான் இருந்தாக வேண்டும்.

இதற்கு முதல் காரணம் தேர்தல் முறை. பேரூராட்சித் தலைவரை 2011இல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006இலும் 2022இலும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2022இல் பிப்ரவரி 22 அன்று வாக்குகள் எண்ணப்பட்டன, மார்ச் 4 அன்று தலைவர்கள் தேர்வானார்கள். எண்ணிக்கைக்குப் பிந்தைய அந்தப் பத்து நாளில் நடந்த பேச்சு, பதவி எந்தக் கட்சிக்கு என்ற பங்கீடு பற்றியது. கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கிய இடங்களில் ஆளுங்கட்சியினர் சிலரே போட்டியிட்டு வென்றதும், அவர்களைப் பதவி விலகும்படி முதலமைச்சர் கேட்டுக்கொண்டதும் செய்தியாயின. ஊருக்கு என்ன செய்வேன் என்று ஊர் முழுவதையும் பார்த்துப் பேசிய வேட்பாளர் அந்த நடைமுறையில் எந்தக் கட்டத்திலும் இல்லை. தலைவராகக்கூடியவர் தேர்தல் நேரத்தில் தன் வார்டின் சில நூறு வாக்குகளைத்தான் கேட்டார். சராசரியாக ஒரு பேரூராட்சிக்கு 15 அல்லது 16 வார்டுகள். சிறிய வார்டில் ஒரு தெருவின் கோபம் போதும், வருங்காலத் தலைவர் தோற்றுப்போவார்.

தேர்தலே நடக்காத ஆண்டுகளின் இடைவெளியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2011 அக்டோபரில் தேர்வான மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதம் நடக்கவிருந்த தேர்தலைச் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் ஐந்தாண்டுக்கும் மேல் தனி அலுவலர்கள்தான் ஆண்டார்கள். பழுதான விளக்குக்கும் உடைந்த குழாய்க்கும் கேட்க ஆளில்லாமல் இருந்த வாக்காளரிடம் போய் ஊரின் பெருந்திட்டம் பேசுவது யாருக்கும் வராது.

இரண்டாவது காரணம் பணம். வரி விஷயத்தில் 2022 ஒரு தெளிவான சோதனையாக அமைந்தது. தலைவர்கள் தேர்வாகி நான்கு வாரமே ஆகியிருந்த நிலையில், ஏப்ரல் தொடக்கத்தில், சொத்து வரியை உயர்த்தும் அறிவிப்பை அரசு வெளியிட்டது. சென்னை அல்லாத நகர்ப்புற உள்ளாட்சிகளில் 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்கு 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 விழுக்காடு உயர்வு. 15ஆவது நிதிக்குழுவின் மானியத்தைப் பெற வேண்டுமானால் சொத்து வரியைச் சீரமைத்தாக வேண்டும் என்பது அரசு சொன்ன காரணம். மன்றங்கள் தீர்மானம் நிறைவேற்ற வேண்டியிருந்தது. பிப்ரவரியில் வாக்குக் கேட்ட எவருடைய பட்டியலிலும் இல்லாத ஒன்று ஏப்ரலில் மன்றத்தின் முதல் பெரிய முடிவாக வந்து நின்றது. அதற்கு முன் 2018இல் உயர்த்தப்பட்ட வரி, 2019 நவம்பரில் உள்ளாட்சித் தேர்தல் நெருங்கியபோது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. ஆக, வரி என்பது தேர்தலுக்கு முன்னால் மறைக்கப்பட்டு, தேர்தல் முடிந்ததும் வெளியே எடுக்கப்படும் பொருள். இதில் 2019இல் ஆண்ட கட்சிக்கும் 2022இல் ஆண்ட கட்சிக்கும் பங்குண்டு.

அந்த மானியமும் கட்டுகளோடுதான் வந்தது. பத்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகையுள்ள ஊர்களுக்கான தொகையில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று முன்னதாகவே கட்டப்பட்டது. மாநிலத் திட்டங்கள் வேலையின் பெயரோடும் மதிப்பீட்டோடும் வருகின்றன. மன்றம் பெரும்பாலும் டெண்டரை ஏற்றுக்கொள்கிறது. சம்பளம், மின்கட்டணம், வாரியத்துக்குத் தர வேண்டிய தண்ணீர்க் கட்டணம் போக மிஞ்சும் சொந்த வருவாயில்தான் மன்றத்துக்கு உண்மையான தெரிவு உண்டு. அந்த வருவாய் எங்கிருந்து வரும்? சொத்து வரி நிலுவை, காலியிட வரி, தொழில் வரி, வாரச்சந்தை ஏலம், பேருந்து நிலையக் கடை வாடகை. ஏலம் யாருக்குப் போகிறது, வாடகை எத்தனை ஆண்டாக ஏற்றப்படவில்லை, நிலுவையில் பெருந்தலைகள் யார் என்பதெல்லாம் ஊருக்கே தெரிந்த செய்திகள். தேநீர்க்கடையில் பேசப்படும், நோட்டீசில் வராது.

இங்கே ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். தலைவரை மறைமுகமாகத் தேர்ந்தெடுப்பதுதான் குறை என்றால், கேரளத்திலும் நகராட்சித் தலைவரைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே ஊரளவிலான திட்டப் பேச்சு எப்படி இருக்கிறது? நியாயமான கேள்வி. 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் மாநிலத் திட்டநிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்குத் தருவதென்று முடிவெடுத்தது; அதில் பெரும்பகுதியை எதற்குச் செலவிடுவது என்பதை ஊர் தீர்மானிக்கலாம். பங்குபோட ஒன்று கையில் இருந்தால் அதைப் பற்றிச் சண்டை வரும், சண்டை வந்தால் முன்னுரிமை பிறக்கும். நம் ஊர்களில் கையில் ஒன்றும் இல்லாதபோது தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுத்தாலும் பெரிய மாற்றம் வராது. 2011 முறையிலும் ஒரு கட்சித் தலைவரும் வேறு கட்சிப் பெரும்பான்மையும் அமைந்த இடங்களில் தீர்மானங்கள் முடங்க வழியிருந்தது. எனவே நேரடித் தேர்தலை மட்டும் மருந்தாகச் சொல்பவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை; நேரடித் தேர்தலும் கட்டற்ற நிதியும் சேர்ந்து வர வேண்டும்.

2022இல் வந்த வார்டு குழு, பகுதி சபை விதிகளை இதற்கு விடையாகக் காட்டுவோர் உண்டு. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி தினத்தில், முதலமைச்சரே பம்மலில் நடந்த பகுதி சபையில் கலந்துகொண்டார். நல்ல தொடக்கம்தான். ஆனால் பகுதி சபை வார்டுக்குள் கூடுவது. கிராம ஊராட்சியில் ஊர் முழுவதும் ஒரே கிராம சபையாகக் கூடி வரவுசெலவைக் கேட்கலாம். பேரூராட்சியில் வசிப்பவருக்கு அந்த உரிமை இல்லை. குளத்தில் கலக்கும் சாக்கடையைப் பற்றி எட்டாம் வார்டுப் பகுதி சபையில் பேசினால், பதினோராம் வார்டின் விஷயம் என்று பதில் வரும்.

உள்ளாட்சி என்றதும் நம் மேடைகள் உத்திரமேரூருக்குப் போய்விடும். அங்குள்ள கல்வெட்டு சொல்லும் குடவோலைத் தேர்வு முறையின் பெருமை போதுமான அளவு பேசியாயிற்று. பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: முன்பு வாரியத்தில், அதாவது ஊர்ச்சபையின் குழுவில், இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரும், அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் குடத்தில் போடத் தகாதவை. இன்றைய உத்திரமேரூரும் ஒரு பேரூராட்சிதான். இன்று வேட்பாளர் தன் சொத்துக்கும் வழக்குக்கும் உறுதிமொழிப் பத்திரம் தருகிறார். அவர் ஆள விரும்பும் ஊரின் கணக்கு வாக்காளர் கைக்கு வருவதில்லை.

அதற்குப் பெரிய சட்டத்திருத்தம் தேவையில்லை. மாநிலத் தேர்தல் ஆணையம் வாக்காளர் பட்டியலோடு ஒரு தாளையும் ஒவ்வொரு பேரூராட்சி அலுவலகத்திலும் ஒட்டச் சொல்லலாம்: கடந்த ஆண்டு வரி கேட்பு, வசூல், நிலுவை, குடிநீர் வாரியத்துக்குக் கட்டிய தண்ணீர்க் கட்டணம், மின்கட்டணம், ஏலத் தொகை. செயல் அலுவலரிடம் இவை எல்லாம் இருக்கின்றன. அந்தத் தாளைப் பார்த்த வாக்காளர், வீட்டுவாசலில் கைகூப்பி நிற்பவரிடம் விளக்கைப் பற்றிக் கேட்டபின் நிலுவையைப் பற்றியும் கேட்பார். எல்லோரும் கேட்பார்கள் என்று நான் நம்பவில்லை. ஒரு வார்டில் நான்கு பேர் கேட்டாலும் அடுத்த நோட்டீசில் ஒரு வரி மாறும்.

2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027இல் முடிகிறது. ஆணையம் ஒட்டாவிட்டால் நாமே கேட்டுப் பெறலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்.