கேட்க ஒருவர்

நான் நியூ ஜெர்சியில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். இறையியல் படித்தவள் அல்ல, நர்சிங் டிப்ளமோதான்.

2020 ஏப்ரல், கொரோனாக் காலம். ஓர் இரவு தமிழ்ப் பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்து, "ஒரு விஷயம் சொல்லணும்மா" என்றார். அடுத்த அறையில் அலாரம் அடித்தது. "இதோ வந்துடறேன்யா" என்று ஓடினேன். திரும்பி வந்தபோது அவருக்குச் செயற்கைச் சுவாசக் குழாய் போட்டிருந்தார்கள். பிறகு அவர் பேசவே இல்லை.

சாகும் தறுவாயில் மனிதன் எதைச் சொல்ல விரும்புகிறான்? ஏன் இன்னொருவரிடம் சொல்ல வேண்டும்? இந்தக் கேள்விகளோடுதான் ஆதி கிறிஸ்தவர்களைப் படிக்க ஆரம்பித்தேன்.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்துக்குப் பல துறவிகள் போனார்கள். தனிமையில் அவர்கள் கண்டுகொண்டது, மனம் தன்னையே ஏமாற்றும் என்பது. அதனால் உள்ளே எழும் எண்ணங்களை மூத்த துறவி ஒருவரிடம் ஒளிக்காமல் சொல்வதைப் பயிற்சியாக வைத்தார்கள். அவர்களில் ஒருவரான எவாக்ரியஸ் அந்த எண்ணங்களை எட்டாக வகுத்தார். கோபம், துயரம், அகந்தை எல்லாம் அதில் உண்டு. சோர்வும் உண்டு, நண்பகலில் பொழுதே நகராததுபோல் தோன்றவைக்கும் சோர்வு. நைட் ஷிஃப்டில் விடிகாலை மூன்று மணிக்கு எனக்கு அது நன்றாகத் தெரியும். எண்ணம் வருவது நம் கையில் இல்லை, அதைத் தங்கவிடுவதுதான் நம் கையில் இருக்கிறது என்றார் அவர். அப்படியென்றால் என் எண்ணங்கள் மட்டுமே நான் அல்ல.

எவாக்ரியஸ் 399இல் இறந்தார். ஏறக்குறைய அதே சமயம் வட ஆப்பிரிக்காவில் அகஸ்தீன் தன் வாழ்க்கையை எழுதினார். அதையும் தனக்குத்தானே பேசிக்கொள்ளவில்லை. நூல் முழுக்கக் கடவுளை முன்னிலையில் வைத்துப் பேசுகிறார்.

நம் முத்துக்குளித்துறைக்கும் இந்த மரபு வந்தது. இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான நூல்களில் நமக்குக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையது 1578இல் வந்த 'தம்பிரான் வணக்கம்'. அதைத் தந்த அண்டிரிக் அடிகளார் இரண்டே ஆண்டில், 1580இல், பாவசங்கீர்த்தனத்துக்கு ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சிட்டார். பரதவர்கள் தங்கள் உள்ளத்தைத் தங்கள் மொழியிலேயே திறந்து சொல்வதற்கான புத்தகம் அது.

ஆதி சபையில் பெரும் பாவங்களுக்கான மன்னிப்பைச் சபையார் முன்னிலையில் நின்றுதான் கேட்டார்கள். அந்தப் பெரியவரின் மகன் போனில் பேசியபோது, "அப்பா ஏதோ சொல்ல வந்தார், நான் கேட்கவில்லை" என்று நான் சொல்லவில்லை. இன்று உங்கள் முன்னால் சொல்கிறேன்.