யாழ்ப்பாணம் – சென்னை: எவ்வளவு தூரம்?

யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் இடையே எவ்வளவு தூரம்? பலாலியிலிருந்து மீனம்பாக்கம் வரை நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 355 கிலோமீற்றர்தான். சென்னைக்கும் மதுரைக்கும் இடையே அதே நேர்கோட்டில் 400 கிலோமீற்றருக்கு மேல் வரும். அதாவது நடுவில் கடல் இருந்தாலும், மதுரையை விட யாழ்ப்பாணம்தான் சென்னைக்குக் கிட்ட!

ஆனால் இந்தத் தூரத்தைக் கடக்க எடுக்கும் நேரம் எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருக்கவில்லை.

பலாலி விமானத் தளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியர் அமைத்தது. 1947 டிசம்பர் 10 ஆம் திகதி, எயார் சிலோன் நிறுவனத்தின் முதலாவது விமானம் இரத்மலானையில் புறப்பட்டு, காங்கேசன்துறையில் (பலாலியில்) இறங்கி, அங்கிருந்து மதராஸ் சென்றது. இலங்கை சுதந்திரம் அடைவதற்கு அப்போது இன்னும் இரண்டு மாதங்கள் இருந்தன. நாட்டின் முதல் விமான நிறுவனம் முதல் நாளிலேயே தேர்ந்தெடுத்த பாதை இதுதான்.

1970களின் இறுதியில் எயார் சிலோன் மூடப்பட்டது. 1983 இல் போர் தொடங்கிய பின் பலாலி இராணுவத் தளமாக மாறியது. 1990 இல் சுற்றுவட்டாரக் கிராம மக்கள் வெளியேற்றப்பட்டு, அந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயமானது. அதே ஆண்டில் யாழ்தேவி ரயிலும் நின்று போனது.

இதன் பிறகு யாழ்ப்பாணத்தவர் முறைப்படி சென்னை போக வேண்டுமானால் என்ன வழி? வடக்கே இருக்கும் ஊருக்குப் போக முதலில் தெற்கே கொழும்புக்கு வர வேண்டும். தரைவழியாக ஏறத்தாழ 400 கிலோமீற்றர். பிறகு கட்டுநாயக்காவிலிருந்து விமானத்தில் வடக்கு நோக்கி இன்னும் 640 கிலோமீற்றருக்கு மேல். 355 கிலோமீற்றர் பயணம் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது! பாதை திறந்திருந்த நாட்களின் கணக்குத்தான் இது. ஏ9 வீதி 2002 இல் திறக்கப்பட்டு 2006 இல் மறுபடியும் மூடப்பட்டது. அப்படியான நாட்களில் கொழும்பு போவதே பெரும்பாடு. சிகிச்சைக்காகச் சென்னை செல்ல வேண்டிய நோயாளிக்கும், அங்கே அகதியாக இருந்த பிள்ளையைப் பார்க்க நினைத்த தாய்க்கும் இந்தச் சுற்றுவழிதான்.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் எயார் நிறுவனம் சென்னைக்குச் சேவையைத் தொடங்கியது. சிறிய ஏடிஆர் விமானம்தான். ஆனாலும் பயணம் ஒன்றரை மணிநேரத்துக்குள் முடிந்தது. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்ற சேவை 2022 டிசம்பர் 12 இல் மீண்டும் ஆரம்பமானது.

வணிகக் கணக்கில் தூரத்தைக் கிலோமீற்றரால் மட்டும் அளப்பதில்லை. நேரமும் செலவும்தான் உண்மையான தூரம். அந்தக் கணக்கில் பார்த்தால், அடுத்த வீட்டைப் போல இருந்த இரண்டு ஊர்கள் சுமார் நாற்பது வருடங்கள் தூர தேசங்களாக இருந்திருக்கின்றன. இடையில் கடல் ஓர் அங்குலம்கூட அகலவில்லை.