ரேடியோ வேப்பமரத்தடியில், காது வீட்டில்

இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். முடிவில் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

சென்ற கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மதியம், சாப்பாட்டை ஓரமாக வைத்துவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தேன். "சோறு ஆறுது" என்று வீட்டில் இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. ஹெட்போனில் மெலிதாக ஒரு விசில், விட்டு விட்டு. மோர்ஸ் தந்தி. எஸ், ஏ, க்யூ. சுவீடனில் உள்ள கிரிமெட்டன் நிலையத்தின் அழைப்பு எழுத்துகள் அவை. 1924 டிசம்பர் 1ஆம் தேதி வேலையைத் தொடங்கிய நிலையம். இன்று யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். வருடத்தில் சில நாட்கள் மட்டும் அந்தப் பழைய சுழலும் இயந்திரத்தை ஓட்டி, 17.2 கிலோஹெர்ட்ஸில் செய்தி அனுப்புகிறார்கள்.

ஆனால் நான் கேட்டது என் வீட்டு ஆன்டெனாவில் அல்ல. நெதர்லாந்தில் ட்வென்டே பல்கலைக்கழகத்தின் அமெச்சூர் ரேடியோ சங்கத்தார் ஒரு ரிசீவரை வைத்து, இணையம் வழியாக யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று திறந்துவிட்டிருக்கிறார்கள். காது நெதர்லாந்தில், ஆள் நாங்குநேரிப் பக்கம்.

அப்போதுதான் அந்தப் பையன் ஞாபகம் வந்தது.

1980களில் ஒரு ஒன்பதாம் வகுப்பு. மின்காந்த அலை பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் வீட்டுக்குப் பக்கத்தில் மாவு மில். மோட்டார் ஓடினால் ரேடியோவில் கரகரப்பு தவிர வேறொன்றும் கேட்காது. எழுந்து நின்று கேட்டான்: "சார், பேட்டரி ரேடியோவத் தோட்டத்துக் கடைசி வேப்பமரத்தடியில வச்சிட்டு, சத்தத்த மட்டும் ஒயர்ல வீட்டுக்குக் கொண்டுவந்தா என்ன சார்?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏலே, ரேடியோ வேப்பமரத்துல, காது வீட்டுலயா?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் உட்கார்ந்துவிட்டான். அந்த வருடம் முழுக்க அவன் கை தூக்கவே இல்லை.

அவன் சொன்னதை உலகம் எத்தனையோ வருடத்துக்கு முன்பே செய்துவிட்டிருந்தது. எனக்குத்தான் தெரியாது.

மார்க்கோனி 1907 அக்டோபரில் அயர்லாந்தின் கிளிஃப்டனுக்கும் கனடாவின் கிளேஸ் பேவுக்கும் இடையே அட்லாண்டிக் கடலைத் தாண்டிய கம்பியில்லாத் தந்திச் சேவையைத் தொடங்கினார். ஒரு சங்கடம் இருந்தது. அனுப்பும்போது கேட்க முடியாது. பக்கத்திலேயே அத்தனை பெரிய தீப்பொறி இயந்திரம் இடி போல் இயங்கும்போது, கடல் கடந்து வரும் முணுமுணுப்பு எப்படிக் கேட்கும்? 1913 வாக்கில் வழி கண்டார்கள். கேட்கும் வேலையைத் தனியாகப் பிரித்து, அயர்லாந்தில் லெட்டர்ஃபிராக்குக்கும் கனடாவில் லூயிஸ்பர்க்குக்கும் கொண்டுபோனார்கள். வாய் ஓரிடம், காது ஓரிடம், நடுவே கம்பி.

அமெரிக்காவிலும் அதுதான். 1921 நவம்பரில் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், ராக்கி பாயின்டில் அனுப்பும் நிலையம் திறந்தது. கேட்கும் நிலையம் ரிவர்ஹெட்டில். தந்திக்காரர்கள் உட்கார்ந்திருந்ததோ நியூயார்க் நகரத்து அலுவலகத்தில். நான் கேட்ட கிரிமெட்டனும் அப்படித்தான்: கேட்கும் நிலையம் குங்ஸ்பக்காவில், தந்திக்காரர் கோத்தன்பர்க் நகரத்தில்.

இதெல்லாம் பெரிய கம்பெனி, அரசாங்கம் சமாசாரம். பொழுதுபோக்காக ரேடியோ செய்யும் அமெச்சூர்களுக்கு நீண்ட அலை அப்போது இல்லை. 1912ஆம் வருட அமெரிக்கச் சட்டம் அவர்களை 200 மீட்டருக்கு மிகாத அலைநீளத்துக்குத் தள்ளிவிட்டது. ஒன்றுக்கும் உதவாது என்று நினைத்துக் கொடுத்த இடம் அது. அவர்களும் சும்மா இருக்கவில்லை. 1921ல் பால் காட்லி என்பவரை ரிசீவரோடு கப்பலேற்றி ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். அவர் லண்டனில் தங்கிவிடாமல் ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசன் கடற்கரைக்குப் போய், வயலில் கூடாரம் போட்டு, நீளமான பெவரேஜ் ஆன்டெனா கட்டினார். அமெரிக்க அமெச்சூர்களின் தந்தி கேட்டது. அமைதியான இடம் தேடிக் காதையே அனுப்பிவைத்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

பல பத்தாண்டுகள் கழித்து நீண்ட அலையின் கதவு மறுபடி திறந்தது. 1998ல் பிரிட்டனில் 136 கிலோஹெர்ட்ஸ் பக்கம் அமெச்சூர்களுக்கு இடம் கிடைத்தது. 2007ல் ஜெனீவாவில் நடந்த உலக ரேடியோ மாநாட்டில் 135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ் வரை ஒதுக்கினார்கள். கதிர்வீசும் சக்தி 1 வாட்டுக்கு மேல் கூடாது. அலைநீளமோ சுமார் 2,200 மீட்டர். அத்தனை நீள அலைக்கு வீட்டுத் தோட்டத்தில் கட்டும் ஆன்டெனா கொசுறுதான். அனுப்புவதே அவ்வளவு மெலிதாக இருக்கும்.

கேட்கிறவன் வீட்டிலோ எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், சோலார் பலகை. ஒவ்வொன்றும் ஒரு குட்டி மாவு மில். அதன் இரைச்சல் சரியாக இந்தக் கீழ் அலைவரிசையில்தான் அதிகம்.

இங்கே ஒரு பாடம். சிறிய இரைச்சல் மூலத்துக்கு மிக அருகில், அதாவது அலைநீளத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைந்த தூரத்தில் இருக்கும்போது, அதன் காந்தப்புலம் தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. தூரம் 2 மடங்கானால் புலம் 8ல் ஒரு பங்கு. தூரத்திலிருந்து வரும் செய்தி அலைக்கோ 100 மீட்டர் தள்ளிப்போனாலும் ஒன்றும் ஆகாது. ஆகவே ஆன்டெனாவைத் தோட்டத்துக் கடைசிக்குக் கொண்டுபோனால் இரைச்சல் ஓய்கிறது, செய்தி நிற்கிறது. வேப்பமரத்தடிதான்!

ஆனால் அவன் சொன்னதில் ஒரு ஓட்டை. ஒயர். வீட்டு இரைச்சல் அந்த ஒயரின் மேலேயே நடந்து ஆன்டெனா வரைக்கும் போய்விடும். பக்கத்தில் இடி விழுந்தால் அதுவும் அதே வழியில் வீட்டுக்குள் வரும். அதனால் இப்போது அமெச்சூர்கள் பலர் ஒயரையே விட்டுவிட்டார்கள். தோட்டத்து மூலையில் ஆன்டெனா, ரிசீவர், உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர், பேட்டரி. அங்கிருந்து வீட்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இணைப்பு. கேட்கும் அலையை விட வைஃபை அலையின் அதிர்வெண் சுமார் 37,000 மடங்கு அதிகம். அதனால் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாது. அனுப்ப வேண்டிய சரக்கும் குறைவு: 16 பிட் அளவில் நொடிக்கு 12,000 மாதிரிகள் என்றால் 192 கிலோபிட்தான். நடுவே மறைப்பில்லாமல் பார்வைக்கோடு இருந்து, இரு முனையிலும் திசை நோக்கும் ஆன்டெனா வைத்தால் கிலோமீட்டர் தாண்டியும் எட்டும். வைஃபை பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் சுற்றே இரைச்சல் போடலாம் என்பதால், அதை ஆன்டெனாவை விட்டுத் தள்ளி, உலோகப் பெட்டியில் அடைத்து வைக்கிறார்கள். அவ்வளவுதான் சூட்சுமம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. விஜயநாராயணத்தில் வானத்தைத் தொடும் கோபுரங்களைப் பார்த்திருப்பீர்களே, கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். 1990ல் தொடங்கிய அந்த நிலையம் அனுப்புவதும் இந்த வகை மிகத் தாழ்ந்த அலைதான். கடல்நீருக்குள் கொஞ்சமாவது புகக்கூடிய அலை என்பதால் நீர்மூழ்கிக் கப்பலுக்கு ஏற்றது. அந்தக் கோபுரங்களின் வழியாகப் பஸ்ஸில் எத்தனை தடவை போயிருப்பேன். ஒரு தடவையாவது அந்தப் பையனை நினைத்தேனா? இல்லை.

தம்பி, உன் பெயரை இங்கே எழுதவில்லை. உன் வகுப்பில் படித்தவர்களுக்கும் உனக்கும் தெரியும். அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: "நல்ல யோசனைலே. வா, சாயங்காலம் உங்க தோட்டத்துல வச்சுப் பார்ப்போம்." 20 ரூபாய் ஒயரில் முடிந்திருக்கும் சோதனை. நீயே அதன் ஓட்டையையும் கண்டுபிடித்திருப்பாய். நான் ஒரு சிரிப்பில் முடித்துவிட்டேன். இத்தனை வருடம் கழித்துக் கேட்கிறேன், மன்னித்துக்கொள்.

உங்களில் நிறையப் பேர் இன்று ஆசிரியர்கள், அப்பா அம்மாக்கள். பிள்ளை ஏதாவது கோணலாகக் கேட்டால் உடனே சிரித்துவிடாதீர்கள். ஒரு நாள் செய்து பாருங்கள்.

தம்பி, ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வா. மாவு மில் இப்போது இல்லை. வேப்பமரம் இருக்கிறது என்று சொன்னார்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்