பெயரில்லா மதிப்புகளுக்குப் பெயர்

கணினி வரலாறு நிரல் எழுதியவர்களைக் கொண்டாடுகிறது. எழுதப்பட்டதை வாசிக்க வழி செய்தவர்களைச் சுருக்கமாகக் கடந்துபோகிறது. கனடாவின் மாண்ட்ரியல் நகரில், மெக்கில் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து 2019இல் மறைந்த லாரி ஹென்ட்ரன் இரண்டாம் வகையினர்.

ஜாவாவில் எழுதிய நிரல், மெய்நிகர் எந்திரத்துக்கான கட்டளைகளாக மாற்றப்படுகிறது. இதைப் பைட்கோடு என்பார்கள். சுமார் 200 கட்டளைகள் உண்டு. இரண்டு எண்களைக் கூட்ட, ஒன்றை அடுக்கில் வை, இன்னொன்றை அதன்மேல் வை, கூட்டு, விடையை எடுத்து வை என்று நான்கு கட்டளைகள் வேண்டும். அடுக்கில் கிடக்கும் மதிப்புகளுக்குப் பெயர் கிடையாது. எந்திரத்துக்கு அது போதும். எது எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று தேடும் மனிதருக்குப் போதாது.

1990களின் இறுதியில் ஹென்ட்ரனும் அவருடைய மாணவர்களும் சூட் என்ற கருவியையும், அதற்குள் ஜிம்பிள் என்ற இடைநிலை வடிவத்தையும் உருவாக்கினார்கள். ஜிம்பிளில் அடுக்கு இல்லை. ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு பெயரும் ஒரு வகையும் உண்டு. அந்த நான்கு கட்டளைகள் ஒரே வாக்கியமாகின்றன. 200 கட்டளைகளின் வேலை 15 வகை வாக்கியங்களில் அடங்கிவிடுகிறது. உரை எழுதுமுன் செய்யுளைப் பதம் பிரித்துக்கொள்வது போன்ற வேலை இது. நிரலர் வைத்த பெயர்கள் பெரும்பாலும் திரும்பக் கிடைப்பதில்லை. கருவி சூட்டும் எண்ணிட்ட பெயர்களே மிஞ்சும். ஆனாலும் தடம் தெரியும்.

2012இல் ஆண்ட்ராய்டு செயலிகளின் கட்டளைகளையும் ஜிம்பிளாக்க வழி பிறந்தது. அதன்மேல் 2014இல் எழுந்த ஃப்ளோடிராய்டு, செயலி நம் இருப்பிடத்தை எடுத்து வெளியே அனுப்புகிறதா என்று தேடியது. மூல நிரலைக் காட்டாத செயலியையும் இப்படிச் சோதிக்கலாம். தன் கைபேசியில் கணவன் ரகசியமாக நிறுவிய செயலி எதைத் திருடுகிறது என்று ஒரு பெண் கேட்டால், பதில் இத்தகைய வாசிப்பிலிருந்துதான் வரவேண்டும்.

மார்பகப் புற்றுநோய்க்கு ஆளான பின், நோயாளிகள் தங்கள் மருத்துவக் குறிப்புகளைத் தாங்களே பார்க்க உதவும் ஓபல் என்ற செயலியை மருத்துவர்களோடு சேர்ந்து ஹென்ட்ரன் உருவாக்கினார். துறை வரலாறு இதைத் தனிக்கதையாகச் சொல்லக்கூடும். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. நம்மைப் பற்றி எழுதப்பட்டவை நமக்குப் புரியாத வடிவில் இருக்கும்வரை, அதிகாரம் எழுதியவர் கையில்தான் இருக்கும்.