தாய் செய்த பாவமாம்!

பிள்ளை நடக்கவில்லை, பேசவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கவில்லை. காரணம் என்ன? "தாய் செய்த பாவம்" என்றது ஊர். "முற்பிறவிப் பயன்" என்றது புராணம். "கிரகக் கோளாறு" என்றது பஞ்சாங்கம். தந்தையின் கைப்பொருள் பரிகாரத்துக்குப் போயிற்று. தாயின் கண்ணீருக்கோ கணக்கே இல்லை. பயிற்சியும் மருத்துவமும் பெரும்பயன் தரக்கூடிய முதல் ஆறு ஆண்டுகள், கோயில் வாயிலிலும் சோதிடர் திண்ணையிலும் கழிந்தன.

செங்கோட்டைச் சீமையில் மட்டுமா இந்த நிலை? நாடெங்கும் இதே நிலைதான். எனினும், அதை மாற்ற முனைந்த ஓர் இடம் இந்தச் சீமையிலேயே, தென்காசிக்கு அருகே இருக்கிறது. அதுதான் ஆய்க்குடி!

அவ்வூர் இளைஞர் ராமகிருஷ்ணன், பொறியியல் மாணவர். 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் சென்றார். உடல்திறன் சோதனையில் விழுந்தார், முதுகுத்தண்டு அடிபட்டது, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. விதியே என்று முடங்கிவிட்டாரா? இல்லை! ஊனமுற்றோருக்கான ஆண்டென ஐக்கிய நாடுகள் அவை அறிவித்த 1981இல், தமக்கு மறுவாழ்வுக்கு வழிகாட்டிய படைமருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரால், அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச்சிதைவு நோயால் பாதிக்கப்பட்ட கணக்காயர் சங்கரராமன், 1992இல் அவருடன் சேர்ந்தார். பிறருக்குப் பாரம் என்று ஊர் எண்ணக்கூடிய இருவர், பிறர் பாரத்தைச் சுமக்க முன்வந்தனர்!

அந்நாளில் இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய பிள்ளைகள் ஊர்தோறும் இருந்தனர். அதையும் முன்வினை என்றே கூறினர் பழைமைவாதிகள். 1995இல் நாடு முழுதும் சொட்டு மருந்து முகாம் தொடங்கிற்று. 2011 சனவரிக்குப் பின், இயற்கையில் உலவிய போலியோக் கிருமியால் இந்நாட்டுப் பிள்ளை எவரும் முடங்கவில்லை. 2014இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. கேட்கிறோம்: இரண்டு சொட்டு மருந்து கொன்றது கிருமியையா, முற்பிறவிப் பாவத்தையா?

மூளை முடக்குவாதம், ஆட்டிசம் போன்றவற்றுக்கு அப்படிச் சொட்டு மருந்து இல்லை. வேண்டுவன, காலத்தே கண்டறிதலும் நாள்தோறும் பயிற்சியும். மருத்துவமனையில் கிடைப்பதோ வாரத்தில் ஒரு மணி நேரம். எஞ்சிய நேரமெல்லாம் பிள்ளை இருப்பது தாயின் மடியில். அவளோ கூலிவேலை செய்பவள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறினால், அன்றைய கூலி போயிற்று. வீடு திரும்பினால், மாமியாரின் ஏச்சு காத்திருக்கும். தாய் தளர்ந்தால் பிள்ளைக்குப் பயிற்சி ஏது?

இதை உணர்ந்ததே ஆய்க்குடியின் சிறப்பு. பயிற்சி பெற்ற பணியாளர்கள் சிற்றூர்களுக்குச் சென்று, வீட்டு வாயிலிலேயே பிள்ளைக்குப் பயிற்சி அளிக்கின்றனர், தாய்க்கும் கற்பிக்கின்றனர், இயன்முறை மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் வழிகாட்டுகின்றனர். பெற்றோர் ஒன்றுகூடி, ஒருவர் துயரை மற்றவர் கேட்கின்றனர். பிள்ளைக்குச் சிகிச்சை என்ற அளவில் நில்லாமல், குடும்பத்துக்கே துணை நிற்கும் முறை இது.

சட்டமும் மெல்ல நடந்து வந்தது. 1995இல் முதற் சட்டம். 1999இல் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு உள்ளோர்க்கெனத் தேசிய அறக்கட்டளைச் சட்டம். கலைஞர் ஆட்சியில், 2010இல், 'ஊனமுற்றோர்' என்ற சொல் நீங்கி, மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனித்துறை எழுந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. குறைபாட்டைக் காரணம் காட்டி, நீதிமன்ற ஆணையின்றிப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக்கூடாது என்றது. மிகுந்த துணை தேவைப்படுவோர்க்குப் பராமரிப்பாளர் உதவித்தொகைக்கும் இடமளித்தது. ஒருகாலத்தில் பிச்சையாக வீசப்பட்டது, இன்று உரிமையாக எழுதப்பட்டிருக்கிறது.

எழுதப்பட்டிருக்கிறது, மெய்தான். ஆனால், படிக்கத் தெரியாத தாய்க்கு அதைப் படித்துச் சொல்வது யார்? அங்கேதான், தோழர்களே, நமக்கு வேலை இருக்கிறது. மேடையில் முன்வினையைச் சாடுவது எளிது. நம் தெருவிலேயே ஒரு வீட்டின் கதவு, பழிச்சொல்லுக்கு அஞ்சிச் சாத்திக் கிடக்கிறதே, அதைத் தட்டுவோம். அடையாள அட்டைக்கு விண்ணப்பம் எழுதித் தருவோம். மருத்துவமனைக்கு உடன் செல்வோம். பள்ளியில் அந்தப் பிள்ளைக்கு இடம் கேட்டு நிற்போம்.

"நீ பாவம் செய்யவில்லை, அம்மா" என்று அந்தத் தாயிடம் சொல்வது மட்டும் போதாது. அவள் தோளில் இருக்கும் பிள்ளையைச் சற்று நேரம் நாமும் தூக்கிக்கொள்ள வேண்டும்.