முற்றுகைக்குள் ஒரு கிரயப் பத்திரம்

எபிரேயத் தீர்க்கதரிசிகள் என்றாலே பலருக்கு நினைவுக்கு வருவது சாபமும் எச்சரிக்கையும்தான். துன்பத்தில் கடவுளை நம்புவது பற்றி அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் ஆறுதலான வசனங்கள் சிலவற்றை எடுத்துக் காட்டுவார்கள். எனக்கு மட்டும் எரேமியா நூலின் 32-ஆம் அதிகாரம்தான் முதலில் நினைவுக்கு வரும். அதில் ஒருவர் நிலம் வாங்குகிறார், அவ்வளவுதான். ஆனால் எப்போது, எங்கே வாங்குகிறார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

காலம் கி.மு. 587-ஐ ஒட்டியது. யூதாவின் கடைசி அரசன் சிதேக்கியா பாபிலோனை எதிர்த்துக் கலகம் செய்ய, நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமைச் சூழ்ந்துகொண்டது. மற்ற கோட்டைகள் விழுந்து, லாகீசும் அசெக்காவும் மட்டும் மிஞ்சின என்கிறது எரேமியா நூல். 1935-இல் லாகீசில் தோண்டியபோது மைக் கடிதங்கள் எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. அவற்றில் ஒன்றை எழுதியவர், லாகீசின் தீ அடையாளத்துக்காகக் காத்திருப்பதாகவும் அசெக்கா கண்ணுக்குத் தெரியவில்லை என்றும் சொல்கிறார். படிக்கும்போது வயிற்றைக் கலக்குகிறது.

எகிப்தியப் படை வருவதாகச் செய்தி பரவி, முற்றுகை சிறிது காலம் விலகியது. அப்போது எரேமியா தன் சொந்த ஊர்ப் பக்கம் போகப் பார்த்தார். எதிரியிடம் ஓடுகிறார் என்று பிடித்து அடைத்துவிட்டார்கள். பிறகு அரசன் அவரைக் காவல் முற்றத்துக்கு மாற்றி, நகரில் ரொட்டி தீரும்வரை ரொட்டிக்காரர் தெருவிலிருந்து நாளுக்கு ஒரு ரொட்டி கொடுக்கச் சொன்னான்.

அந்த முற்றத்துக்குத்தான் சித்தப்பா மகன் அனாமெயேல் வருகிறார். ஆனதோத்தில் உள்ள என் நிலத்தை வாங்கிக்கொள், உறவினன் என்ற முறையில் மீட்கும் உரிமை உனக்குத்தான் என்கிறார். ஆனதோத் எருசலேமுக்கு வடகிழக்கே சில கிலோமீட்டரில், எதிரிப் படைக்கு அப்பால் இருக்கிறது. வாங்குபவரோ கைதி. திருமணமும் ஆகவில்லை, அதனால் வாரிசும் கிடையாது. போதாக்குறைக்கு, ஒரு காலத்தில் இவரைக் கொல்லப் பார்த்தவர்களே அந்த ஊர்க்காரர்கள்தான்!

இருந்தும் வாங்கினார். விலை 17 சேக்கல் வெள்ளி. யூதாவில் அப்போது நாணயப் புழக்கம் இல்லை, வெள்ளியைத் தராசில் நிறுத்துத்தான் கொடுக்க வேண்டும். ஒரு சேக்கல் சுமார் 11 கிராம் என்றால் மொத்தம் 190 கிராமை ஒட்டி வரும். சாட்சிகள் கையெழுத்திட்டார்கள். முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று. இரண்டையும் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்து, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். இந்த நாட்டில் மறுபடியும் வீடும் வயலும் விலைக்குப் போகும் என்பது அவர் கேட்ட வாக்கு.

மண்பாண்டம் என்பது சும்மா சொன்னதல்ல. 1947-இல் சாக்கடல் குகையில் முதலில் கிடைத்த சுருள்கள் ஏறக்குறைய 2000 ஆண்டுகள் மண்ஜாடிக்குள்தான் தாக்குப்பிடித்திருந்தன. எருசலேமிலேயே 1982-இல், பாபிலோனியர் எரித்த ஒரு வீட்டில் 51 களிமண் முத்திரைகள் கிடைத்தன. அவை கட்டியிருந்த பத்திரங்கள் சாம்பலாகிவிட்டன, களிமண் மட்டும் தீயில் சுட்டு இறுகி நின்றுவிட்டது. அதில் ஒரு முத்திரையில் சாப்பான் மகன் கெமரியா என்ற பெயர் இருக்கிறது. எரேமியாவின் சுருளை எரிக்காதீர் என்று முந்தைய அரசன் யோயாக்கீமிடம் கெஞ்சியவர் இவராகவே இருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். (பாருக்கின் பெயரிலும் முத்திரைகள் உண்டு. ஆனால் அவை பழம்பொருள் சந்தையில் வந்தவை, போலி என்றே இப்போது பலரும் சொல்கிறார்கள்.)

இதில் முக்கியமாக நான் நினைப்பது வேறொன்று. சில ஆண்டுகளுக்கு முன் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே ஆண்டில் பாபிலோனின் நுகம் முறியும் என்று ஆலயத்தில் எல்லார் முன்னும் சொன்னார். மக்களுக்கு அதுதான் பிடித்திருக்கும். எரேமியாவோ 70 ஆண்டு ஆகும், அங்கேயே வீடு கட்டித் தோட்டம் போடுங்கள் என்று நாடு கடத்தப்பட்டவர்களுக்குக் கடிதம் எழுதியவர். அவருடைய நம்பிக்கையில் சீக்கிரம் என்ற சொல்லே கிடையாது. நகரம் விழும் என்று சொன்ன அதே வாயால்தான் நிலத்துக்கு விலை பேசுகிறார்.

அதற்காக அவர் கலங்காமல் இருந்தார் என்று நினைத்துவிட வேண்டாம். பத்திரம் கைமாறிய பிறகுதான் ஜெபிக்கிறார். முற்றுகை மேடுகள் மதிலை எட்டிவிட்டன, நகரம் எதிரியின் கையில் விழப்போகிறது, நீரோ நிலத்தை வாங்கச் சொல்கிறீரே என்று கேட்கிறார். சந்தேகம் தீர்ந்த பிறகு வெள்ளியை நிறுக்கவில்லை. வெள்ளியை நிறுத்துவிட்டுத்தான் சந்தேகத்தைச் சொல்கிறார். அந்த வரிசையை நூல் மாற்றாமல் வைத்திருக்கிறது.

அடுத்து நடந்தது தெரிந்ததுதான். மதில் உடைந்தது, ஆலயம் எரிந்தது. பாபிலோனுக்கு வந்தால் கவனித்துக்கொள்கிறோம் என்று தளபதி சொல்லியும் எரேமியா ஊரிலேயே தங்கினார். ஆளுநர் கெதலியா கொல்லப்பட்டபின், தப்பியோடியவர்கள் அவரையும் எகிப்துக்கு இழுத்துப் போனார்கள். அந்த நிலத்தில் அவர் கால் வைத்ததாக எங்கும் எழுதியில்லை.

கி.மு. 539-இல் பாரசீக மன்னன் கோரேஸ் பாபிலோனைப் பிடித்தான், யூதர்கள் திரும்ப அனுமதி கிடைத்தது. திரும்பியவர்களின் பட்டியலை எஸ்றா நூலின் 2-ஆம் அதிகாரம் ஊர் வாரியாகத் தருகிறது. ஆனதோத்தின் மனிதர்கள்: 128 பேர்.